நிகழ்காலம் எங்கே இருக்கிறது? மாவோரி வினையை முன்வைத்து

மாவோரி மொழியில் ‘கெய் தெ தக கொயெ’ என்றால் ‘நீ விழுந்துகொண்டிருக்கிறாய்’ என்று பொருள். நடுவிலுள்ள ‘தெ’ என்ற ஓரெழுத்தை எடுத்துவிட்டு ‘கெய் தக கொயெ’ என்றால், ‘பார்த்து, விழுந்துவிடப் போகிறாய்!’ என்ற எச்சரிக்கை. முதல் வாக்கியத்தில் விழுதல் கண்ணெதிரே நடக்கிறது. இரண்டாவதில் அது நடக்கவே இல்லை. நடக்கக் கூடாது என்பதற்காகத்தான் சொல்லப்படுகிறது. ‘விழு’ என்று பொருள்படும் ‘தக’ இரண்டு இடத்திலும் இம்மியளவும் மாறவில்லை. விகுதி இல்லை, இடைநிலை இல்லை. காலம் வினைச்சொல்லுக்குள் இல்லை. அதற்கு வெளியே, முன்னால் நிற்கும் சின்னஞ்சிறு சொற்களில் இருக்கிறது.

நியூசிலாந்தில் மாவோரி கற்கத் தொடங்குபவர்களின் பாடநூல்கள் பெரும்பாலும் ‘கெய் தெ’ என்பதை நிகழ்காலக் குறி என்று அறிமுகப்படுத்துகின்றன. முதல் சில வாரங்களுக்கு அது கைகொடுக்கும். ‘கெய் தெ கய் அவு’, நான் சாப்பிடுகிறேன். ‘கெய் தெ மொயெ இய’, அவர் தூங்குகிறார். ‘கெய் தெ உவ’, மழை பெய்கிறது. ஆனால் ‘நிகழ்காலம் என்றால் கெய் தெ’ என்ற சமன்பாட்டை மனத்தில் பதித்துக்கொண்டவர் விரைவிலேயே முட்டிக்கொள்கிறார். காரணம், மாவோரியில் நிகழ்காலம் என்ற ஒற்றைப் பெட்டியே கிடையாது என்பதே என் வாதம். நாம் நிகழ்காலத்தில் வைத்துச் சொல்லும் செய்திகளை அந்த மொழி ஐந்தாறு வேறு வழிகளில் பிரித்துச் சொல்கிறது. செயல் எப்போது நடக்கிறது என்பதைவிட, அது நடந்தபடி இருக்கிறதா, வந்து சேர்ந்துவிட்டதா, இனித்தான் தொடங்குகிறதா, வழக்கமாக நடப்பதா என்பதையே அது முதலில் கேட்கிறது.

ஒலிப்பைப் பற்றி ஒரு குறிப்பு. மாவோரியில் அ, எ, இ, ஒ, உ என்ற ஐந்து உயிர்கள். ஒவ்வொன்றுக்கும் குறிலும் நெடிலும் உண்டு. ஆங்கில எழுத்தில் நெடிலுக்கு மேலே கோடு போட வேண்டியிருக்கிறது. தமிழ் எழுத்தில் அந்த வேறுபாடு இயல்பாகவே அமைந்துவிடுகிறது. ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்: சொல்லின் நடுவில் வந்தாலும் க, த, ப மூன்றும் வல்லொலியாகவே நிற்கும். ‘தக’ என்பதை ‘தகவல்’ என்னும் சொல்லின் தொடக்கத்தைப் போல மெலித்துச் சொல்லக் கூடாது.

வாக்கிய அமைப்பில் தமிழர் தலைகீழாகப் பழக வேண்டும். காலமும் நிலையும் காட்டும் சொல் முதலில், வினை அடுத்து, எழுவாய் அதற்குப் பிறகு, செயப்படுபொருள் கடைசியில். ‘கெய் தெ பானுய் இய இ தெ புகபுக’: அவர் புத்தகத்தைப் படிக்கிறார். மூவிடத்துக்கும் எண்ணுக்கும் ஏற்ப வினை மாறாது என்பது பெரிய நிம்மதி. நான், நீ, அவர்கள் யாராயிருந்தாலும் ‘கெய் தெ கய்’தான். ‘இய’ என்ற சொல்லில் ஆண் பெண் வேறுபாடு கிடையாது. நாம், நாங்கள் என்ற வேறுபாடு மாவோரியிலும் இருப்பதால் ஆங்கிலேயர் திணறும் அந்தப் பாடம் தமிழருக்கு எளிது. ஆனால் இருவருக்குத் தனி, மூவர் முதல் பலருக்குத் தனி என்று அது இன்னொரு படி போகிறது: உன்னையும் சேர்த்து நாம் இருவர் ‘தாவுவ’, உன்னைச் சேர்த்துப் பலர் ‘தாதொவு’, நீ இல்லாமல் நாங்கள் இருவர் ‘மாவுவ’, நீ இல்லாமல் பலர் ‘மாதொவு’.

இனி ‘கெய்’. இந்தச் சொல்லின் முதல் வேலை காலம் காட்டுவதன்று, இடம் காட்டுவது. ‘கெய் ஹெய தெ ஃபரெ?’ என்றால் ‘வீடு எங்கே இருக்கிறது?’ ‘கெய் தெ குர இய’ என்றால் ‘அவர் பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்’. ‘குர’ பள்ளி, ‘தெ’ என்பது குறிப்பிட்ட ஒன்றைச் சுட்டும் அடை, ‘கெய்’ என்பது நம் ஏழாம் வேற்றுமை உருபான ‘இல்’ போன்றது, ஆனால் ‘இருக்கிறது’ என்பதையும் தன்னுள் அடக்கியது. இந்த இடச்சொல்லுக்கே காலம் உண்டு என்பதுதான் வியப்பு. இப்போது இருக்கும் இடத்துக்குக் ‘கெய்’, முன்பு இருந்த இடத்துக்கு ‘இ’, இனி இருக்கப்போகும் இடத்துக்கு ‘ஹெய்’. ‘கெய் ஹெய கொயெ?’ நீ எங்கே இருக்கிறாய்? ‘இ ஹெய கொயெ?’ எங்கே இருந்தாய்? ‘ஹெய் ஹெய தெ ஹுய்?’ கூட்டம் எங்கே நடக்கும்? நமக்கு வினைமுற்றில் இருக்கும் காலம் அவர்களுக்கு வேற்றுமை உருபில் இருக்கிறது.

‘உடைமை’யைச் சொல்லவும் மாவோரியில் தனி வினை கிடையாது. ‘சாவி மெரெயிடம் இருக்கிறது’ என்பதற்குக் ‘கெய் அ மெரெ தெ கீ’ என்பார்கள். ‘என்னிடம் புத்தகம் இருக்கிறது’ என்று பேசிப் பழகிய நமக்கு இதில் விளக்க எதுவுமில்லை. ஆங்கிலத்தின் வழி மாவோரி கற்பவர் இந்த இடத்தில் ஒரு வினையைத் தேடி ஏமாறுவார். தமிழர் நேரே போய்விடலாம்.

இப்போது இரண்டு வாக்கியங்களை அருகருகே வைத்துப் பார்க்கலாம். ‘கெய் தெ குர இய’: அவர் பள்ளியில். ‘கெய் தெ கய் இய’: அவர் சாப்பிடுகிறார். வடிவம் ஒன்றே. ‘கய்’ என்ற சொல் உணவையும் குறிக்கும், உண்ணுதலையும் குறிக்கும். இரண்டாவது வாக்கியத்தைச் சொல்லுக்குச் சொல் பிரித்தால் ‘அவர் உண்ணலில் இருக்கிறார்’ என்றுதான் வரும். மாவோரியில் பெரும்பாலான சொற்கள் பெயர், வினை என்ற வேலியைச் சட்டை செய்வதில்லை. ‘வயத’ பாட்டு, பாடுதல் இரண்டும். ‘கோரெரொ’ பேச்சு, பேசுதல் இரண்டும். ஆக, ஒரு மனிதர் ஓர் இடத்தில் இருப்பதைப் போலவே ஒரு செயலுக்குள்ளும் இருக்கிறார். தொடர்ந்து நடக்கும் செயலைக் காட்டும் வடிவங்கள் இடத்தைக் குறிக்கும் தொடர்களிலிருந்து பிறப்பது உலக மொழிகள் பலவற்றில் காணப்படும் போக்கு. ஜோன் பைபீயும் அவருடைய கூட்டாளிகளும் 1994இல் வெளியிட்ட இலக்கணப் பரிணாமம் பற்றிய நூலில் இதைப் பல மொழிச் சான்றுகளோடு எடுத்துக்காட்டினார்கள். மாவோரி அதற்கு மிகத் தெளிவான சான்றுகளில் ஒன்று, ஏனெனில் அங்கே பழைய பொருளும் புதிய பொருளும் ஒரே ஆடையில் இன்றும் உலவுகின்றன.

நெடில் குறில் தவறினால் இந்த ஒற்றுமையே காலை வாரும். ‘கெய் தெ காயிங இய’ என்றால் அவர் வீட்டில் இருக்கிறார், ‘காயிங’ குடியிருப்பு. முதலெழுத்தைக் குறிலாக்கிக் ‘கயிங’ என்றால் அது ‘கய்’ என்ற வினையின் செயப்பாட்டு வடிவம். ‘கெய் தெ கயிங தெ இக’, மீன் உண்ணப்படுகிறது. வீட்டிலிருக்கும் ஒருவரைப் பற்றி விசாரித்தவருக்கு, அவரை யாரோ தின்றுகொண்டிருப்பதாகப் பதில் கிடைத்துவிடக் கூடும்.

ஆனால் இந்த வரலாற்று விளக்கத்தை அளவுக்கு மீறி இழுக்கக் கூடாது. இன்றைய மாவோரி பேசுபவர் ‘கெய் தெ கய்’ என்னும்போது ‘உண்ணல் என்ற இடத்தில்’ என்று நினைப்பதில்லை. இடப்பொருளில் ‘தெ’யைப் பன்மையாக்கிக் ‘கெய் ஙா குர’, ‘பள்ளிகளில்’ என்று சொல்லலாம். வினைப்பொருளில் அப்படி மாற்ற முடியாது. கூடவே செயப்பாட்டு வடிவத்தையும் அது ஏற்கிறது: ‘கெய் தெ ஹஙயிய தெ ஃபரெ’, வீடு கட்டப்படுகிறது. அந்த இரண்டு சொற்களும் ஒட்டி ஒரே காலக்குறியாக இறுகிவிட்டன.

அப்படி முற்றாக இறுகிவிட்டதா என்றால், எதிர்மறை ‘இல்லை’ என்கிறது. ‘அவர் பள்ளியில் இல்லை’ என்பதற்குக் ‘காவொரெ இய இ தெ குர’ என்பார்கள். எழுவாய் முன்னால் ஏறிக்கொள்கிறது, ‘கெய்’ போய் ‘இ’ வருகிறது. ‘அவர் சாப்பிடவில்லை’ என்பதற்கும் அதே வாய்பாடுதான்: ‘காவொரெ இய இ தெ கய்’. இடத்தை மறுக்கும் முறையிலேயே செயலும் மறுக்கப்படுகிறது. பழைய உறவு இங்கேதான் கையும் களவுமாகப் பிடிபடுகிறது. இதன் இன்னொரு விளைவைக் கற்பவர் கவனிக்க வேண்டும். உடன்பாட்டில் ‘கெய் தெ கய் அவு’ இப்போது, ‘இ தெ கய் அவு’ முன்பு என்று இரண்டு தெளிவாகப் பிரிந்து நிற்கின்றன. எதிர்மறையில் இரண்டும் ஒன்றாகிவிடுகின்றன: ‘காவொரெ அவு இ தெ கய்’ என்பது ‘நான் சாப்பிட்டுக்கொண்டிருக்கவில்லை’ என்று இன்றைக்கும் பொருந்தும், நேற்றைக்கும் பொருந்தும். ‘இனாயனெய்’, அதாவது இப்போது, ‘இனநஹி’, அதாவது நேற்று, என்ற சொல்லோ பேச்சின் சூழலோதான் காலத்தைத் தீர்மானிக்கும். உடன்பாட்டில் இருக்கும் வேறுபாடு எதிர்மறையில் கரைந்துபோவது நமக்கும் தெரிந்ததுதான். ‘அவன் வரவில்லை’ என்பது நேற்று வராததையும் சொல்லும், இந்த நேரத்தில் வராததையும் சொல்லும்.

தமிழை இங்கே இழுப்பதற்கு வேறொரு நியாயமும் உண்டு. நன்னூல் நிகழ்காலம் காட்டும் இடைநிலைகளாக ஆநின்று, கின்று, கிறு என மூன்றைத் தருகிறது. ‘உண்ணாநின்றான்’ என்ற வடிவில் ‘நில்’ வெளிப்படையாகவே நிற்கிறது. அது வழக்கிழந்த பிறகு நாம் ‘உண்டுகொண்டிருக்கிறான்’ என்று ‘இரு’வைச் சேர்த்துக்கொண்டோம். சங்க நூல்களில் ‘கின்று’ மிக அரிது என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இறந்தகாலம் போலவோ எதிர்காலம் போலவோ நிகழ்காலம் உறுதியான பழைய சொத்தன்று, மொழி நிற்றலையும் இருத்தலையும் கொண்டு காலந்தோறும் புதுப்பித்துக் கட்டிக்கொள்வது என்று தோன்றுகிறது. மாவோரிக்கும் தமிழுக்கும் குடும்ப உறவு எதுவும் இல்லை. அது ஆஸ்திரனேசியக் குடும்பத்தில் கிழக்குப் பாலினேசியக் கிளை. ஹவாய், தஹிதி மொழிகளின் உடன்பிறப்பு. உறவில்லாத இரண்டு மொழிகள் ஒரே வழியைத் தேர்ந்திருப்பதுதான் சிந்திக்கத் தக்கது.

இந்த வினையமைப்பை வெளியாள்கள் எழுத்தில் பதிக்கத் தொடங்கி இருநூறு ஆண்டு தாண்டிவிட்டது. 1820இல் மதபோதகர் தாமஸ் கெண்டல், ஹொஙி ஹிக, வயிகாதொ என்ற இரண்டு மாவோரித் தலைவர்களோடு இங்கிலாந்து சென்றார். அவர்களை வைத்துக்கொண்டு கேம்பிரிட்ஜ் பேராசிரியர் சாமுவேல் லீ அந்த மொழியின் இலக்கணமும் சொல்தொகுதியும் அடங்கிய நூலை உருவாக்கினார். 1842இல் ராபர்ட் மான்செல் இன்னும் விரிவான இலக்கணம் எழுதினார். அவர்கள் கையில் இருந்தவை ஐரோப்பிய இலக்கணக் கருவிகள். பெயர், வினை, காலம் என்ற கட்டங்களோடுதான் அவர்களால் அணுக முடிந்தது. அந்தக் கட்டங்களைத் துணிந்து கலைத்தவர் மாவோரி மொழியியலாளர் புரூஸ் பிக்ஸ். ஆக்லாந்துப் பல்கலைக்கழகத்தில் 1951 முதல் மாவோரி கற்பித்த அவர், 1969இல் வெளியிட்ட தொடக்கநிலை நூலில் இந்த மொழியின் அடிப்படை அலகு தனிச்சொல் அன்று, சொற்றொடர் என்று நிறுவினார். நடுவில் ஓர் அடிச்சொல், அதன் முன்னும் பின்னும் சிறு சொற்கள். அடிச்சொல் பெயரா வினையா என்பதைச் சுற்றி நிற்பவைதான் முடிவு செய்யும். என் பார்வையில், மாவோரி நிகழ்காலத்தைப் புரிந்துகொள்வதற்கு இதைவிட நல்ல வாசல் இல்லை.

முன்னும் பின்னும் நிற்பவை என்றதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு ‘எ … அன’. வினையை இருபுறமும் அணைத்து நிற்கும் இது, செயல் நடந்தபடி இருக்கிறது என்று மட்டும் சொல்லும். ‘எ கய் அன அவு’ என்பதைச் சூழல் இல்லாமல் கேட்டால் ‘சாப்பிட்டுக்கொண்டிருக்கிறேன்’. ‘ஆபோபோ’, அதாவது நாளை, என்று சேர்த்தால் அதே தொடர் ‘சாப்பிட்டுக்கொண்டிருப்பேன்’. அவர் வந்தபோது என்று தொடங்கினால் ‘சாப்பிட்டுக்கொண்டிருந்தேன்’. காலத்தைப் பற்றி அது வாய் திறப்பதே இல்லை. பெயரெச்சத் தொடர்களில் இது தனி அழகோடு அமரும்: ‘தெ தஙத எ கோரெரொ அன’, பேசிக்கொண்டிருக்கும் மனிதர். ஹவாய் மொழியிலும் ‘எ ஹெலெ அன’ என்று இதே உறை இருப்பதால், தீவுகளுக்குப் பிரிந்து போவதற்கு முன்பே இது இருந்திருக்க வேண்டும்.

‘அன’ நிற்கும் இடத்தில் நெய், நா, ரா என்ற மூன்றில் ஒன்றும் வரலாம். பேசுபவர் அருகில் என்றால் ‘நெய்’, கேட்பவர் அருகில் என்றால் ‘நா’, இருவருக்கும் அப்பால் என்றால் ‘ரா’. ‘எ தூ நெய் அவு’ என்றால் ‘இதோ நிற்கிறேன்’. நிகழ்காலமும் இங்கே என்ற சுட்டும் ஒரே சொல்லில் கலந்துவிடுகின்றன. மாவோரியில் காலத்தைப் பேச இடச்சொற்கள் வருவது இதோடு நிற்பதும் இல்லை. முன்பக்கத்தைக் குறிக்கும் ‘முவ’ என்ற சொல்லே கடந்துபோன நாட்களையும் குறிக்கிறது. நடந்து முடிந்தது கண்முன் தெரிகிறது. வரப்போவது முதுகுக்குப் பின்னால், ‘முரி’யில்.

கற்பவர்கள் அதிகம் தவறுவது ‘குவ’ என்ற குறியில்தான். ஆங்கிலத்தில் நிகழ்காலமாகச் சொல்லப்படும் பல நிலைகளை மாவோரி ‘குவ’வால் சொல்கிறது. ‘குவ போ’ என்றால் இருட்டிவிட்டது. ‘குவ தயெ மய் தெ பஹி’, பஸ் வந்தாச்சு. ‘குவ பவு தெ கய்’, சாப்பாடு தீர்ந்துவிட்டது. ஒரு மாற்றம் நடந்து முடிந்து, அதன் விளைவு இப்போது நம் முன் இருக்கிறது என்பதே இதன் பொருள். ‘கெய் தெ ஹியகய் அவு’ என்றாலும் ‘குவ ஹியகய் அவு’ என்றாலும் ஆங்கிலம் ஒரே வாக்கியத்தைத்தான் தரும். தமிழில் ‘பசிக்கிறது’, ‘பசி வந்துவிட்டது’ என்று நாம் தயங்காமல் பிரிக்கிறோம். இந்த வேறுபாட்டில் கவனக்குறைவு ஆகாது: ‘கெய் தெ மதெ இய’ என்றால் அவர் நோயுற்றிருக்கிறார்; ‘குவ மதெ இய’ என்றால் அவர் இறந்துவிட்டார்.

‘க’ என்ற குறி காலத்தைக் கேட்பவரிடமே விட்டுவிடுகிறது. கதை சொல்லும்போது ‘க … க … க …’ என்று நிகழ்ச்சிகள் வரிசையாக ஓடும். விடைபெறும்போது ‘க கிதெ’, பார்க்கலாம். பாராட்டும்போது ‘க பய்’, நல்லது. நாள்தோறும் செய்வதைச் சொல்லவும் இது வரும். ஆனால் வழக்கத்தைக் காட்டுவதற்கென்றே வினைக்குப் பின் ‘அய்’ சேர்க்கும் முறை இருக்கிறது: ‘ஒஹொ அய் அவு இ தெ ஒனொ கரக’, நான் ஆறு மணிக்கு எழுவது வழக்கம். ‘எழுகிறேன்’ என்று இதையும் நிகழ்காலத்தில் சொல்லிப் பழகியவர் இங்கே ‘கெய் தெ ஒஹொ அவு’ என்று சொல்லிவிட்டால், கேட்பவர் காதில் ‘இந்த நொடியில் விழித்துக்கொண்டிருக்கிறேன்’ என்றுதான் விழும். ‘அவர் ஆசிரியர்’ போன்ற வாக்கியங்களுக்கோ எந்தக் குறியும் வேண்டாம், வினையும் வேண்டாம். ‘ஹெ கயகொ இய’ போதும். தமிழருக்கு இது சொல்லித்தரத் தேவையில்லாத பாடம்.

இவ்வளவு நுணுக்கம் ஏன் என்று கேட்கலாம். மாவோரியை இன்று கற்பவர்கள் யார் என்பதில் விடை இருக்கிறது. 1867ஆம் ஆண்டின் பூர்வகுடிப் பள்ளிச் சட்டம் மாவோரிக் குழந்தைகளின் வகுப்பறையில் ஆங்கிலத்தை அமர்த்தியது. தாய்மொழி பேசியதற்காக அடிவாங்கிய தலைமுறை தன் பிள்ளைகளிடம் அதைப் பேசத் தயங்கியது. 1970களில் ரிச்சர்ட் பென்டன் நடத்திய கள ஆய்வு, வீட்டில் மாவோரி பேசி வளரும் குழந்தைகள் மிகச் சிலரே என்று காட்டியது. 1972 செப்டம்பர் 14 அன்று, பள்ளிகளில் மாவோரி கற்பிக்கக் கோரி முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் கையெழுத்திட்ட மனு நாடாளுமன்றத்தில் கொடுக்கப்பட்டது. 1982இல் வெலிங்டன் அருகே வயினுயியோமதாவில் முதல் கோஹங ரெயொ, அதாவது மொழிக்கூடு என்னும் மழலையர் பள்ளி, தொடங்கியது. 1987இல் மாவோரி ஆட்சிமொழியானது. 2023 கணக்கெடுப்பில் மாவோரி பேசுவதாகச் சொன்னவர்கள் 2,13,000 பேருக்கு மேல். நாட்டு மக்களில் நூற்றுக்கு நான்கு பேர். அவர்களில் பெருந்தொகையினர் ஆங்கிலத்தில் சிந்தித்துப் பழகிய பின் இந்த மொழிக்கு வந்தவர்கள். கற்பவர்களே பெரும்பான்மையாகும் மொழியில் கற்பவரின் சுருக்குவழி நாளை இலக்கணமாகிவிடும். எல்லா நிகழ்காலத்துக்கும் ‘கெய் தெ’ போட்டுப் பழகிய ஒரு தலைமுறை, ‘குவ’வும் ‘அய்’யும் ‘நெய்’யும் செய்யும் வேலைகளை ஓசையின்றி இழந்துவிடக் கூடும். சொற்கள் அழிந்தால் அகராதியில் தேடலாம். இப்படிப்பட்ட வேறுபாடுகள் அழிந்தால் அழிந்ததே தெரியாது.

இதை நன்றாக உணர்ந்த கற்பித்தல் முறை ஒன்று ஏற்கெனவே இருக்கிறது. கதெரீனா மதைராவும் ஙொய் பேஃபைரஙியும் 1979இல் உருவாக்கிய ‘தெ அதாரஙி’ வகுப்புகளில் ஆங்கிலம் பேசுவதற்கு இடமில்லை. கேலப் கட்டெக்னோவின் கற்பித்தல் முறையைத் தழுவி, கணக்குப் பாடத்துக்காகச் செய்யப்பட்ட குயிசெனேர் வண்ணக் கட்டைகளை அவர்கள் மொழிக்குக் கொண்டுவந்தார்கள். சொல்லும் செயலும் ஒரே நேரத்தில் கைக்கு வருகின்றன. கட்டையை எடுத்துக்கொண்டிருப்பதற்கும் எடுத்தாகிவிட்டதற்கும் உள்ள வேறுபாடு கண்ணால் காணக்கூடியது. இடையில் மொழிபெயர்ப்பு தேவைப்படாது. மாவோரி வினை கேட்கும் கேள்வி ‘எந்த நிலையில்’ என்பதாக இருக்கும்போது, கையில் பொருளோடு கற்பது வெறும் உத்தி அன்று, அந்த இலக்கணத்துக்கே பொருந்திய வழி.

பாடநூல் மாவோரியை மட்டும் அறிந்தவர் வட்டாரங்களுக்குப் போகும்போது இன்னொன்றையும் காண்பார். தூஹொயெ மக்களிடமும் ஙாதி கஹுஙுநு மக்களிடமும் ‘கெய் தெ’ என்பது ‘கய் தெ’. இடத்தைச் சொல்லும்போதும் அங்கே ‘கய்’தான், ஒன்று மாறினால் மற்றதும் சேர்ந்தே மாறுகிறது. அது பிழை அன்று. அந்த மக்களின் அடையாளம்.

தொடக்கநிலை மாணவருக்கு முதல் வாக்கியமாகக் ‘கெய் தெ கய் அவு’ என்பதைவிட, மாவோரிகள் தம்மை அறிமுகப்படுத்தும்போது வழக்கமாகச் சொல்லும் இன்னொன்றைக் கொடுக்கலாம் என்று நினைக்கிறேன்: ‘கெய் போனெகெ அவு எ நொஹொ அன’. நான் வெலிங்டனில் வசிக்கிறேன். ‘போனெகெ’ என்பது வெலிங்டனுக்கு மாவோரி வழங்கும் பெயர்; ஊர்ப்பெயர் என்பதால் ‘தெ’ வரவில்லை. முதலில் ‘கெய்’ ஆளை ஊரில் நிறுத்துகிறது. பிறகு ‘எ … அன’ அங்கே அவருடைய வாழ்க்கை தொடர்வதைச் சொல்கிறது. ‘கெய்’ இடத்துக்கு உரியது, ‘அன’ தொடர்ச்சிக்கு உரியது என்று முதல் நாளிலேயே காது பிரித்தறிந்துகொண்டால், பிறகு ‘கெய் தெ’ வரும்போது அதைக் காலத்தின் முத்திரையாக மனப்பாடம் செய்யத் தேவையிருக்காது.